ஆர்சியஸா, ஸ்கார்லெட்டா? ஸ்விட்சில் முதல் போக்கிமான் எது

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைக்கு ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி வாங்கிக் கொடுத்ததும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, எந்தப் போக்கிமான் கேம் என்பதுதான். 2022 ஜனவரியில் வந்த லெஜெண்ட்ஸ் ஆர்சியஸா, அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்கார்லெட்டா? ஒரு பிள்ளை தனியாக விளையாடப் போகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்சியஸ் என்பேன்.

போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் விதம்தான் காரணம். புல்லுக்குள் குனிந்து பதுங்கி, குறிபார்த்துப் பந்தை நாமே எறிய வேண்டும். ஒவ்வொரு போக்கிமானும் ஒவ்வொரு விதம்: ஸ்டார்லி நம்மைக் கண்டதும் பறந்துவிடும். பிடூஃப் அப்படியே நின்று வேடிக்கை பார்க்கும். ஷின்க்ஸ் மேலே பாயும். பார்க்காத நேரத்தில் முதுகில் அடித்தால் சிக்கும் வாய்ப்பு அதிகம். முதல் நிலப்பகுதியிலேயே சிவந்த கண்களோடு ஓர் ஆல்ஃபா ராப்பிடாஷ் (வழக்கத்தைவிடப் பெரிய, வலுவான வகை) உலவுகிறது, லெவல் 40. அது நம் போக்கிமானை விட்டுவிட்டு நம்மையே துரத்தும். ஒய் பட்டனைத் தட்டி உருண்டு தப்பிக்கத் தெரியாவிட்டால் மயங்கி விழுவோம், பையில் இருந்த சில பொருள்களும் போய்விடும். அந்தப் பயம் வேறெந்தப் போக்கிமானிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று, ஊரிலிருந்து ஒரு பகுதிக்குப் போய், பிடித்து, ஊருக்கே திரும்பி வரும் அமைப்பு. 2022, 2023-இல் லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு நம்மைப் பாடாய்ப்படுத்தியபோது, இரண்டு மணி நேர இருட்டுக்குள் ஒரு வேட்டையை நிம்மதியாக முடிக்க முடிந்தது.

ஸ்கார்லெட் பரந்த உலகம். ஜிம் தலைவர்களை வெல்வது, டைட்டன் என்னும் ராட்சதப் போக்கிமான்களைத் தேடுவது, டீம் ஸ்டார் என்னும் கும்பலை எதிர்ப்பது என்று மூன்று கதைகள், எதை முதலில் வேண்டுமானாலும் தொடலாம். ஆனால் எதிரிகளின் லெவல் நமக்கேற்ப மாறாது, வழி தப்பிப் போன பிள்ளை அடி வாங்கித் திரும்பும். பழைய ஸ்விட்சில் படம் அடிக்கடி திணறுகிறது, அது உண்மையிலேயே எரிச்சல். ஸ்விட்ச் 2-இல் இலவச அப்டேட்டுக்குப் பிறகு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

சரி, வீட்டில் இரண்டு ஸ்விட்ச் இருந்தால்? அப்போது என் தீர்ப்பு மாறிவிடும். ஆர்சியஸில் போக்கிமானை மாற்றிக்கொள்ளலாம், ஒருவரோடு ஒருவர் மோத முடியாது. ஸ்கார்லெட்டில் நான்கு பேர் வரை ஒரே உலகத்தில் சுற்றலாம், சண்டையும் போடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்டர்நெட்டே தேவையில்லை. அக்கா பிள்ளை ஸ்கார்லெட்டும் தங்கை பிள்ளை அதன் இரட்டைப் பதிப்பான வயலட்டும் வைத்திருப்பது இன்னும் நல்லது. லார்விட்டார் என்ற போக்கிமான் ஸ்கார்லெட்டில் மட்டும் கிடைக்கும், பேகன் வயலட்டில் மட்டும். பேரம் பேசி மாற்றிக்கொள்வார்கள்.

ஒரே ஸ்விட்சை அண்ணன் தம்பி பகிர்ந்தால் ஆளுக்கொரு ப்ரொஃபைல் போட்டுக் கொடுங்கள், ஒருவர் ஆட்டத்தை மற்றவர் அழிக்க மாட்டார். எதை வாங்கினாலும் கார்ட்ரிட்ஜாகவே வாங்குங்கள். டேட்டா செலவு குறையும். ஆடி முடித்ததும் சொந்தத்துக்குள் கைமாற்றிக்கொள்ளலாம்.