பாலத்தில் பழகிய சாக்ஸஃபோன்: சன்னி ரோலின்ஸின் ‘தி பிரிட்ஜ்’

அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் பாலத்துக் கதையைத்தான் சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் முதல் தடவை ஏமாந்துதான் போவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. இரண்டு வருடம் மேடையே ஏறாமல் அசுர சாதகம் செய்த மனிதர், திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருப்பார் என்று நினைத்து ஊசியை வைத்தேன். வந்ததோ நடுத்தர வேகத்தில், அவசரமே இல்லாத ஒரு பழைய பாட்டு. நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் அந்த நிதானம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பிடிபட்டது.

சரி, கதை தெரியாதவர்களுக்கு. ரோலின்ஸ் 1930இல் நியூயார்க் ஹார்லெமில் பிறந்தவர், பெற்றோர் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். இருபது வயதையொட்டி ஆயுதக் கொள்ளை வழக்கில் சிறை, கூடவே ஹெராயின் பழக்கம். 1955இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த மத்திய அரசு மருத்துவமனையில் தானே போய்ச் சேர்ந்து அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டார். அடுத்த வருடம் ஜூன் 22ஆம் தேதி ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ என்ற இசைத்தட்டு பதிவானது, அதன்பின் ஜாஸ் தெரிந்த எவரும் அவர் பெயரை விட்டுவிட்டுப் பேச முடியாது என்ற நிலை. ஆனால் அந்தப் பதிவு முடிந்த நான்காம் நாளே, அவரோடு ஒரே குழுவில் இருந்த டிரம்பட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் கார் விபத்தில் இறந்துபோனார். 25 வயதுதான்.

1959இல், முப்பதைக்கூடத் தொடாத வயதில், புகழ் உச்சியில் இருக்கும்போது ரோலின்ஸ் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். ஊர் சொல்கிற அளவுக்குத் தான் வாசிக்கவில்லை என்பது அவர் மனதில் இருந்த உறுத்தல். வீட்டில் சாதகம் செய்யலாம் என்றால் பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண், டெனர் சாக்ஸின் சத்தமோ சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். பக்கத்தில் ரயில் ஓடும், கீழே கிழக்கு ஆற்றில் படகுகள் ஊதும், எவ்வளவு பலமாக வாசித்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. சில நாட்களில் 15 மணி நேரம் வரை அங்கே வாசித்திருக்கிறார், பனிக்காலத்திலும் விடவில்லை. அந்தக் குளிர்காற்றில் விரல் விறைத்துப்போகாமல் எப்படித்தான் வாசித்தாரோ, நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

1961 கடைசியில் மேடைக்குத் திரும்பினார், 1962 ஜனவரி, பிப்ரவரியில் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக இந்த ஆறு பாட்டும் பதிவாயின. இடைப்பட்ட காலத்தில் ஆர்னெட் கோல்மன், ஜான் கோல்ட்ரேன் என்ற வேறு இரண்டு சாக்ஸஃபோன் கலைஞர்கள் ஜாஸின் இலக்கணத்தையே அசைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ‘இவ்வளவு காத்திருந்து புதிதாக ஒன்றும் இல்லையே’ என்று அப்போது சில விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இங்கே பியானோ கிடையாது, அந்த இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார். பியானோ இருந்தால் நிறைந்துவிடும் இடமெல்லாம் இதில் காலியாகவே இருக்கிறது, ஹால் ஒரு கார்டை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மெதுவாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், ரோலின்ஸ் அந்த வெற்றிடத்துக்குள் ஒரு சுரத்தை வைத்து, நீட்டாமல் சட்டென்று வெட்டி, மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்ததற்குப் போகிறார். ‘காட் பிளெஸ் தி சைல்ட்’ பாட்டில் இதைக் கவனித்துக் கேளுங்கள். பில்லி ஹாலிடே பாடிய பாட்டு அது, சொற்கள் ஒன்றுகூட இல்லாமலே இதில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவது போல இருக்கும்.

வேகம் வேண்டுமென்றால் தலைப்புப் பாட்டு இருக்கிறது. சாக்ஸும் கிட்டாரும் ஓட்டமும் நிறுத்தமுமாகச் சேர்ந்து பாய்வதைக் கேட்டால் பாலத்தில் அவர் செய்த சாதகத்தின் கணக்கு தெரியும். கடைசிப் பாட்டு மட்டும் எனக்கு ஒட்டவில்லை, வாசிப்பில் குறை இல்லை, மற்ற ஐந்துக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். எனக்கு முதலில் வந்த தட்டு லேசாக வளைந்திருந்தது, வேகமான பாட்டுகளில் தெரியவில்லை, மெதுவான பாட்டு வந்ததும் நீட்டிய சுரங்கள் எல்லாம் அலை போல ஆடின. விற்றவர்களிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன். வந்தவுடன் மெதுவான பாட்டை வைத்துச் சோதித்துவிடுங்கள். இணையத்தில் கேட்பதாக இருந்தால் கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பியானோ இல்லாத குழுவில் அடித்தளத்தைத் தாங்குவது பாப் கிரான்ஷாவின் பேஸ் என்ற தாழ்ந்த சுர வாத்தியம், சின்ன ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும், பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக அவருடைய 2001 பாஸ்டன் கச்சேரிப் பதிவைக் கேளுங்கள். உலக வர்த்தக மையத்துக்கு அருகே வசித்த அவரை அந்தச் செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள், 71 வயதில் சாக்ஸஃபோனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், தாக்குதல் நடந்த நான்காம் நாள் பாஸ்டன் மேடையில் நின்றார். ‘தி பிரிட்ஜ்’ தொடங்கும் அதே ‘வித்தவுட் எ சாங்’ பாட்டில்தான் அந்தப் பதிவும் தொடங்குகிறது. நேற்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். நடுவில் 39 வருடம், சாக்ஸின் குரல் கரகரத்திருக்கிறது, பக்கத்தில் பேஸ் வாசிப்பவர் அதே கிரான்ஷா.