மூன்று நிறமா, ஒரே பழமா? வீட்டில் ஹவாய் அடுக்கு கேக்

ஹவாய் கேக் என்றால் அதில் அன்னாசி இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிவந்த முதல் வருடம், அலுவலகத்தில் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வந்தது. மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் ரோஸ் நிற ஜெல். வெட்டினால் உள்ளே ரோஸ், மஞ்சள், பச்சை என்று மூன்று அடுக்கு. கொய்யா, தாட்பூட் பழம், லைம். அன்னாசி மருந்துக்குக்கூட இல்லை. பக்கத்து இருக்கைத் தோழி ஹவாயில் வளர்ந்தவள். "அன்னாசி எல்லாம் டூரிஸ்டுகளுக்கு" என்று சிரித்துவிட்டு இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள்.

(தாட்பூட் பழம் என்றால் தெரியாதவர்களுக்கு: கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சாலையோரம் கூடையில் விற்கும் பாஷன் ஃப்ரூட். இலங்கையில் கொடித்தோடை. ஹவாயில் லிலிகோய்.)

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு நான்கு விதமான ஹவாய் கேக்குகளை வீட்டில் செய்துவிட்டேன். சிலவற்றை இரண்டு மூன்று முறை. மூன்று நிறப் பாரடைஸ் கேக், கொய்யா ஷிஃபான், லிலிகோய் ஷிஃபான், தேங்காய்ப்பால் வைத்த ஹௌபியா கேக். எதற்கு மெனக்கெடலாம், எதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் கேட்கிறார்கள், அதனால் இது.

முதலில் நான்குக்கும் பொதுவான அடித்தளம். இவை ஷிஃபான் கேக்குகள். வெண்ணெய் கிடையாது, எண்ணெய்தான். 1927இல் லாஸ் ஏஞ்சலஸில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர் என்பவர் கண்டுபிடித்தது. செய்முறையை இருபது வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவு நிறுவனத்துக்கு விற்றார். அந்த ரகசியமே எண்ணெய்தான். ஹவாய் கேக்குக்கு இது ஏன் முக்கியம் என்றால், உள்ளேயும் வெளியேயும் க்ரீம் இருப்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்றுதான் சாப்பிட வேண்டும். வெண்ணெய் கேக் ஃப்ரிட்ஜில் கட்டை மாதிரி இறுகிவிடும். எண்ணெய் இறுகாது.

அளவு: கேக் மாவு 250 கிராம், சர்க்கரை 300 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 120 மி.லி., மஞ்சள் கரு 5, பழச்சாறு 180 மி.லி., வெள்ளைக் கரு 7, க்ரீம் ஆஃப் டார்ட்டர் அரை டீஸ்பூன். 8 அங்குலத் தட்டுகள் மூன்று. அடியில் மட்டும் காகிதம், பக்கவாட்டில் எண்ணெய் தடவவே கூடாது. மாவு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், எண்ணெய் இருந்தால் வழுக்கிவிடும். 165 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம்.

பாரடைஸ் கேக்: கண்ணுக்கு முதலிடம்

அலுவலகத்துக்கு வந்தது இதுதான். இதைப் பிரபலமாக்கியது கிங்ஸ் ஹவாயன். ஒகினாவாவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய குடும்பத்தில் பிறந்த ராபர்ட் டைரா ஹிலோ ஊரில் தொடங்கிய சின்ன பேக்கரி, பிறகு ஹொனலூலுவின் கிங் தெருவுக்கு மாறி அந்தத் தெருவின் பெயரையே எடுத்துக்கொண்டது. 1977இல் கலிபோர்னியாவின் டாரன்ஸுக்கு வந்தது. உலகத்துக்கு அவர்களுடைய இனிப்பு பன்தான் தெரியும். இங்கே உள்ளவர்களுக்கு இந்தக் கேக்கும் தெரியும்.

வீட்டில் செய்வதில் என்ன சிக்கல்? மாவு ஒன்று, சாறு மூன்று. சாறு சேர்க்காமல் மஞ்சள் கருக் கலவையைக் கலக்கி, தராசில் வைத்து மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 60 மி.லி. சாறு ஊற்ற வேண்டும். லைம் சாறு மட்டும் பாதிக்குப் பாதி தண்ணீர், இல்லாவிட்டால் புளிப்பு தாங்காது. அப்புறம் அடித்த வெள்ளைக் கருவையும் மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றாக மடித்துக் கலக்க வேண்டும். முதல் கிண்ணம் ஜோராக வரும். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதற்குள் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் விட ஆரம்பித்திருக்கும். என்னுடைய பச்சை அடுக்கு மற்ற இரண்டையும்விட ஒரு விரல் தாழ்வாகத்தான் வந்தது, இரண்டு முறையும்.

நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். சிவப்புக் கொய்யாச் சாறு எவ்வளவு ரோஸாக இருந்தாலும் மஞ்சள் கருவோடு சேர்ந்து வெந்த பிறகு மங்கலான பீச் நிறம்தான். லைம் சாற்றுக்கு நிறமே இல்லை. ஃபுட் கலர் இல்லாமல் அந்த மூன்று நிறம் வராது.

இதில் என்னை யோசிக்க வைத்தது நிறமோ உயரமோ இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்டிச் சமப்படுத்திய ஓரத் துண்டுகளை மகளிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, எது எந்தப் பழம் என்று சொல்லச் சொன்னேன். பச்சையை உடனே சொல்லிவிட்டாள், ஏனென்றால் அதில் லைம் தோலைத் துருவிப் போட்டிருந்தேன். ரோஸையும் மஞ்சளையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். நானும் கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இத்தனை மாவுக்கும் முட்டைக்கும் நடுவில் நாலு மேசைக்கரண்டிச் சாறு எந்த மூலைக்கு? சூட்டில் அதன் வாசனையும் பாதி போய்விடுகிறது. கடைக் கேக்கில் 'கொய்யா, கொய்யா' என்று நாக்கில் அடித்தது மேலே ஊற்றிய ஜெல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து நான் இந்தக் கேக்குகளைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. பழம் மாவில் இல்லை, நடுவிலும் மேலேயும் இருக்கிறது.

கொய்யா ஷிஃபான்

ஹொனலூலுவில் பிறந்தநாள் என்றால் இதுவும் ஒரு வழக்கம். அங்கே டீ-லைட் பேக்கரியின் கொய்யா கேக்கைப் பேர் சொல்லிக் கேட்பார்கள். ஒரே மாவு, ஒரே சாறு, 180 மி.லி. கொய்யா. வெள்ளைக் கருவைக் காக்க வைக்க வேண்டியதில்லை, அதனால் மூன்று அடுக்கும் ஒரே உயரம். பாரடைஸுக்கு ஆகும் வேலையில் பாதிகூட இல்லை.

மிச்சமாகும் நேரத்தை ஜெல்லில் போடுங்கள். பெட்டியில் வரும் கொய்யா நெக்டர் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். 1 லிட்டரை அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவைத்தால்தான் பழத்தின் வாசனையே வருகிறது. இங்கே உறைந்த கான்சென்ட்ரேட் கிடைக்கும், அதைத் தண்ணீர் சேர்க்காமல் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது பழுத்த சிவப்புக் கொய்யாவைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, சல்லடையில் விதை நீக்கி எடுக்கும் விழுது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் எங்களைவிட யோகம் அதிகம்.

480 மி.லி. சாற்றுக்கு 30 கிராம் கார்ன்ஃப்ளார், சர்க்கரை ருசி பார்த்து. கைவிடாமல் கிளறி, கொப்பளம் வந்த பிறகு ஒரு நிமிடம் வைத்து இறக்கிவிடலாம். கேக்கின் மேல் ஊற்றும் பதம்தான் விளையாட்டு. சூடாக ஊற்றினால் க்ரீம் உருகி ஜெல்லும் க்ரீமும் சேர்ந்து ஓரத்தில் வழியும் (ஒருமுறை தட்டையே துடைத்து எடுத்தேன்). ஆறவிட்டால் கட்டி கட்டியாக விழும். விரலை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. ஊற்றுவதற்கு முன் ஓரத்தில் க்ரீமால் ஒரு வரப்பு கட்டிவிட வேண்டும்.

ஜெல்லுக்குக் கார்ன்ஃப்ளாரா, ஜெலட்டினா, கடல்பாசியா? ஜெலட்டின் பளபளப்பு தரும், ஆனால் எங்கள் வீட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் உண்டு. அதோடு காய்ச்சாத கொய்யாச் சாற்றில் ஜெலட்டின் சரியாக உறையாது. அன்னாசி, பப்பாளி மாதிரியே இதிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. சாற்றைக் கொதிக்கவைத்தால் அந்தத் தொல்லை போகும். கடல்பாசி உறைந்தது, நன்றாகவே உறைந்தது, ஆனால் கத்தி பட்டதும் முழு ஜெல்லும் தட்டாகக் கழன்று க்ரீம் மேல் சறுக்கியது. கார்ன்ஃப்ளார் ஜெல் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் க்ரீமோடு ஒட்டி நிற்கிறது. எனக்கு அதுவே போதும்.

லிலிகோய்

மௌயி தீவில் லிலிகோய் என்ற இடத்தில் 1880களில் முதலில் பயிரானதால் பழத்துக்கே அந்த ஊர்ப் பெயர் வந்தது என்கிறார்கள். தென்னமெரிக்கப் பழம், ஹவாயில் ஊர்ப் பழமாகிவிட்டது. கொய்யாவும் அப்படி வந்து சேர்ந்ததுதான்.

சுவையில் இது கொய்யாவை மிஞ்சும். க்ரீமும் சர்க்கரையும் சேர்ந்த கேக்குக்கு நடுவில் இந்தப் புளிப்பு இருந்தால்தான் இரண்டாவது துண்டு இறங்குகிறது. சிக்கல் செலவு. ஒரு பழத்தைப் பிழிந்தால் ஒரு மேசைக்கரண்டிச் சாறு வந்தால் அதிகம். மாவுக்கு 180 மி.லி. வேண்டுமென்றால் பன்னிரண்டுக்கு மேல் பழம், நடுவில் வைக்கத் தனியாக இன்னும் எட்டு. அதனால் நான் மாவில் ஊற்றுவதையே நிறுத்திவிட்டேன். மாவுக்கு ஆரஞ்சுச் சாறு. லிலிகோய் முழுவதும் கர்டுக்கு (தயிர் இல்லை; சாறு, மஞ்சள் கரு, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் கெட்டிக் கலவை).

ஏன் ஜெல் இல்லாமல் கர்டு? இவ்வளவு புளிப்பான சாற்றைக் கார்ன்ஃப்ளாரோடு கொதிக்கவைத்தால், அமிலம் மாவுச்சத்தை உடைத்து ஜெல் நீர்த்துப்போகும். முட்டைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 120 மி.லி. சாறு, 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, கொதிக்கும் தண்ணீரின் மேல் கிண்ணத்தை வைத்துக் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும் நேரத்தில் இறக்கி, 80 கிராம் வெண்ணெய். கடைசியில் ஒரு கரண்டி காய்ச்சாத லிலிகோய்ச் சாறு சேர்த்தால் அடுப்பில் போன வாசனை திரும்பி வரும். கறுப்பு விதைகளை வடிகட்டி, மேலே தூவ மட்டும் கொஞ்சம் எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

ஹௌபியா, அப்புறம் பாக்கெட் கேக்

நான்கில் ஹவாயின் பழைய வேர் இருப்பது ஹௌபியாவுக்குத்தான். பாலினேசியர்கள் படகில் வந்தபோது தென்னையையும் கொண்டுவந்தார்கள், பியா என்ற கிழங்கையும் கொண்டுவந்தார்கள். தேங்காய்ப்பாலில் அந்தக் கிழங்கு மாவைக் காய்ச்சி உறையவைத்தது ஹௌபியா. இன்று கார்ன்ஃப்ளார். 400 மி.லி. தேங்காய்ப்பால், 100 கிராம் சர்க்கரை, 5 மேசைக்கரண்டி மாவு. பம்பாய் அல்வா கிண்டியவர்களுக்குப் பதம் தெரியும், அதைவிட இளக்கமாக இறக்கிவிட்டால் சரி. செய்வதற்குச் சுலபம், தோற்றுப்போக வழியே இல்லை. ஆனால் நமக்குத் தேங்காய்ப்பால் பழகிய ருசி. என் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுல கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாமேம்மா" என்றார். சொன்னது தப்பில்லை, ஆனால் அப்புறம் அது ஹௌபியா இல்லை.

பாக்கெட் கேக் மாவில் தண்ணீருக்குப் பதில் கொய்யாச் சாறு ஊற்றுவது ஹவாய் வீடுகளிலேயே நடப்பதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கனமான ஃபில்லிங்கை அது ஷிஃபானைவிட நன்றாகத் தாங்கும். கொஞ்சம் அதிக இனிப்பு, ஷிஃபானின் பஞ்சுத்தன்மை இருக்காது. வார நாளில் செய்ய வேண்டியிருந்தால் யோசிக்காமல் பாக்கெட்தான்.

சரி, எதைச் செய்வது? முதல்முறை என்றால் கொய்யா ஷிஃபான். பெரியவர்கள் விருந்து என்றால் லிலிகோய் கர்டு. பாரடைஸை டாரன்ஸ் பக்கம் இருப்பவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அதையே வேண்டுமென்றால் நான் இப்போது செய்வது இது: மூன்று அடுக்குக்கும் லைம் தோல் போட்ட ஒரே மாவு, முதல் இடைவெளியில் கொய்யா ஜெல், இரண்டாவதில் லிலிகோய் கர்டு, மேலே மறுபடி கொய்யா. ஃபுட் கலர் கிடையாது. கண்ணை மூடிச் சாப்பிட்டாலும் மூன்று பழமும் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள். பச்சை அடுக்கு இல்லாவிட்டால் அது பாரடைஸ் கேக்கே இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த முறை மூன்றாவது கிண்ணத்துக்கு மட்டும் வெள்ளைக் கருவைத் தனியாக, கடைசி நிமிடத்தில் அடிக்கப் போகிறேன்.