கடல் நீச்சலா, வாட்டர் போலோவா?

திருகோணமலைப் பக்கம் உப்புவெளிக் கடலில் நீந்தி வளர்ந்த பிள்ளைக்கு எது தோது? கடல் போன்ற திறந்தநீர் நீச்சலுக்கு மூச்சும் பொறுமையும் துணைக்கு ஒரு தோணியும் இருந்தால் தொடங்கிவிடலாம். 10 கிலோமீட்டர் போட்டி 2008 முதல் ஒலிம்பிக்கில் உண்டு.

வாட்டர் போலோ வேறு கதை. இரு அணிகள் தடாகத்தில் நீந்தியபடியே பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டம் அது. பக்கத்துக்கு 7 பேர், 8 நிமிடப் பகுதிகள் நான்கு. கால் ஊன்றக் கூடாது. இரு கால்களையும் மாறி மாறிச் சுழற்றியே நிமிர்ந்து நிற்க வேண்டும். கோல் காப்பாளரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம். தண்ணீருக்கடியில் நடக்கும் இழுபறி நடுவர் கண்ணுக்கு எங்கே முழுதாகத் தெரியப்போகிறது! ஆண்கள் ஆட்டம் 1900இலேயே ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டது. பெண்களை 2000 வரை காக்க வைத்தது அநியாயம்தான்.

சரி, ஆழமான நீச்சல் தடாகமும் கூட்டாளிமாரும் கிடைத்தால் என் தெரிவு போலோ. தனி ஆள் என்றால் கடல்தான், அதுவும் வாடைக்காற்று ஓய்ந்த பிறகு.