மாரி வெள்ளத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? ராடார், ஒளிப்படம், ட்ரோன்: மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கார்த்திகையில் ஒரு செய்தி வந்தால் போதும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை முழுக்க ஒரே கேள்விகள்தான். தண்ணீர் எந்த வயற்கண்டம் வரைக்கும் ஏறிவிட்டது? எந்த வீதியால் இன்னும் போகலாம்? வாவி இன்னும் எவ்வளவு தாங்கும்? வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்ட வேண்டி வருமா? இதற்கெல்லாம் வானத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய கருவிகள் இன்று ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. செய்மதிப் படங்களில் பெரும்பகுதி இலவசம். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தவறான நேரத்தில் தவறானதை நம்பினால், வரைபடமே ஆட்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் நிற்கும்போது ராடார். வடிந்த பிறகு, பயிர்ச் சேதத்துக்கு ஒளிப்படச் செய்மதி. ஒரு தாம்போதி (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்பாலம்), ஒரு கிராமம் என்றால் ட்ரோன். ஆனால் ராடாரை நம் வயல்களுக்கு ஏற்ப வாசிக்கத் தெரியாமல் எடுத்தால் அது பொய் சொல்லும். இந்த அலசலில் அதிக இடத்தை அதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒளிப்படத்தின் கதை சுருக்கமானது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் இரண்டு சேர்ந்து 5 நாளுக்கு ஒரு தடவை நம் தலைக்கு மேலே வருகின்றன. ஒரு படப்புள்ளி தரையில் 10 மீற்றர். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் சுட்டெண் 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கணக்கு எளிது, படம் நம் கண்ணுக்குப் பழக்கமான நிறத்தில் இருக்கும், கிராம சேவையாளருக்குக் காட்டினாலும் உடனே விளங்கும். ஒரே குறை மேகம். நம் வெள்ளம் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. மழை பெய்யும் மேகம்தான் படத்தையும் மறைக்கிறது. 2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கிழக்கில் மழையைக் கொட்டியபோது, நான் தேடியெடுத்த ஒளிப்படத்தில் கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல வெள்ளை மட்டும்தான். காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது அந்த வாரத்தில்தான். அந்த வீதியில் எந்த இடத்தில் நீர் குறுக்கறுக்கிறது என்று தெரிய வேண்டிய நாளில், அந்தக் கருவியால் எதையும் காட்ட முடியவில்லை.

சரி, ராடார். ஐரோப்பாவின் ராடார் செய்மதியான சென்டினல்-1 ஏறக்குறைய 693 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 5.6 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள நுண்ணலையைச் சாய்வாக அனுப்புகிறது. மேகம், இருட்டு இரண்டும் அதற்குத் தடையில்லை. காற்றில்லாத நேரத்தில் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல இருப்பதால் அலை மறுபக்கம் தெறித்துப் போய்விடும், செய்மதிக்குத் திரும்பி வராது. அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். புல், மரம், கல் எல்லாம் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் வெளுப்பாகத் தெரியும். செய்மதி கடந்துபோவது அதிகாலை அல்லது அந்தி, 6 மணி வாக்கில். வாவியில் காற்று அவ்வளவாக எழும்பாத நேரம் அது, நமக்கு ஒரு சின்னச் சாதகம்.

கறுப்பென்றால் வெள்ளம் என்று எடுத்துக்கொண்டு நானும் ஒரு வரைபடம் போட்டேன். ஆவணியில் எடுத்த காய்ந்த காலப் படம் ஒன்று, கார்த்திகைப் படம் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடத்தையெல்லாம் நீலமாக்கினேன். வெல்லாவெளி, மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் எல்லாமே கடலாகிவிட்டது. எங்கள் உறவினர் ஒருவர், வயலில் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாக இருந்தவர், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது வெள்ளமா? நாங்க கட்டி வச்சிருக்கிற தண்ணியெல்லோ?" அவர் சொன்னது சரி. பெரும்போகத்தில் இளம்பயிருக்கு வரம்பு கட்டி நிறுத்திய நீரும் ராடாருக்குக் கறுப்புத்தான். பயிர் ஒரு சாண் உயரம்கூட இல்லாதபோது அலைக்குத் தெரிவது தண்ணீர் மட்டுமே.

அப்புறம் ஒப்பிடும் படத்தை மாற்றினேன். காய்ந்த காலத்தோடு ஒப்பிடுவதை விட்டு, முந்தைய வருடங்களின் அதே பதினைந்து நாட்களோடு, அதே பாதையில் அதே கோணத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டேன். வழக்கமாக அந்தக் கிழமையில் கறுத்திருக்கும் வயல் விலகிப்போனது. வழக்கத்துக்கு மாறாகக் கறுத்த இடம் மட்டும் மிஞ்சியது. நீலம் பாதிக்குமேல் குறைந்தது, மிஞ்சிய நீலம் பெரும்பாலும் ஆற்றோரத்தை ஒட்டியே இருந்தது. உலகம் முழுவதற்கும் தானாக வெள்ளப்படம் போடும் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை ஒன்று 2021 முதல் இயங்குகிறது. மூன்று தனித்தனிக் கணிப்பு முறைகளை ஓட்டி, அவற்றின் முடிவுகளைச் சேர்த்துத்தான் அது பதில் தருகிறது. அந்தப் படத்தைப் பார்ப்பவர்களும் நெற்பயிர்க் காலத்தை மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளம் நம் வயதுக்காரர் யாருக்கும் மறக்காது. அறுவடைக்குக் கிட்டியிருந்த நெல் நின்ற இடத்திலேயே மூழ்கியது. சென்டினல்-1 அப்போது இல்லை, முதல் செய்மதி ஏவப்பட்டதே 2014 ஏப்ரலில்தான். ஆனால் அப்படி ஒரு வெள்ளம் மறுபடி வந்தால், உயர்ந்த பயிருக்குள் நிற்கும் தண்ணீரை 5.6 சென்ரிமீற்றர் அலை தவறவிட வாய்ப்பு அதிகம். அலை கதிரிலும் இலையிலும் சிதறிவிடும். சில நேரம் நீரில் பட்டு, தண்டில் பட்டு, இரட்டைத் தெறிப்பாகத் திரும்பி இன்னும் வெளுப்பாகக் காட்டும். ஆற்றுவாழை மூடிய இடமும் அப்படித்தான். கிட்டங்கிப் பக்கம் ஆற்றுவாழை படர்ந்து கிடக்கும்போது ராடாருக்கு அது புல்வெளி மாதிரி. வீடுகள் நெருங்கிய இடத்தில் சுவரும் நீரும் சேர்ந்து அலையைத் திருப்பி அடிப்பதால், ஒழுங்கைக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றாலும் படம் வெளுப்பாகவே இருக்கும். காத்தான்குடி போல வீடும் வீடும் முட்டும் ஊரில் ராடார் படத்தை மட்டும் வைத்து "வெள்ளமில்லை" என்று சொல்வது ஆபத்து.

காற்று இன்னொரு தொல்லை. வாடை வீசி நீர் அலையடித்தால் பரப்பு சொரசொரப்பாகி வெளுத்துவிடும். அலை அதிரும் திசையைச் செங்குத்தாக வைத்து அனுப்பி, செங்குத்தாக அதிர்ந்து திரும்புவதையே வாங்கும் பதிவில் இது கூடுதலாகத் தெரியும், செங்குத்தாக அதிர அனுப்பி, கிடையாக அதிர்ந்து திரும்புவதை வாங்கும் பதிவில் குறைவு. சென்டினல்-1 இரண்டையும் பதிவு செய்கிறது, அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய தேவையில்லை.

ராடாரின் மிகப் பெரிய குறை நாட்கணக்கு. ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டதால், 2024 நவம்பர் வெள்ளத்தின்போது மேலே இருந்தது ஒன்றே ஒன்று. மாற்றுச் செய்மதியான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பர் 5 அன்று, நம் வெள்ளம் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு. நம் பக்கத்தில் தண்ணீர் ஏறி இறங்க மூன்று நான்கு நாள் போதும். அதனால் உச்சத்தைப் பிடிப்பது பாதி அதிர்ஷ்டம்தான். இப்போது நிலைமை கொஞ்சம் நல்லது. 1சி வேலை செய்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செய்மதி 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. அதன் நீள அலை சுமார் 24 சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான அலை இலையைத் தாண்டி உள்ளே போகும். கண்டல் காட்டுக்குள்ளும் முற்றிய நெல்லுக்குள்ளும் நிற்கும் தண்ணீரைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கருவி நம் வாவிக்கு இதுவரை இலவசமாகக் கிடைத்ததில்லை. நான் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடாதா என்று கேட்கிறார்கள். வெள்ளத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க 2020ல் வெளியான ஒரு தரவுத்தொகுப்பு 11 வெள்ளங்களிலிருந்து 4,831 படத்துண்டுகளைக் கொண்டது. அவற்றில் கையால் குறித்தவை 446. நல்ல செய்தி, இலங்கையும் அந்த 11க்குள் இருக்கிறது. ஆனால் அது 2017 மே மாதத்தில் தென்மேற்கில் வந்த வெள்ளம். களுத்துறை, மாத்தறைப் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வேறு, 56 கிலோமீற்றர் நீள வாவியும் அதைச் சுற்றிய தட்டை வயலும் வேறு. நாசாவும் ஐபிஎம்மும் 2023ல் வெளியிட்ட பிரித்வி என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியின் வெள்ளப் பதிப்பும் இதே தொகுப்பில்தான் பழக்கப்பட்டது. கிழக்கின் பெரும்போக வயலைக் கையால் குறித்த சில நூறு துண்டுகள் சேர்த்துப் பழக்கினால் நிறைய மாறும். அந்த வேலையை நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு தவணையில் செய்துவிடலாம்.

ட்ரோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில சென்ரிமீற்றர் துல்லியம், கூப்பிட்ட நேரத்தில் படம். மழையிலும் பலத்த காற்றிலும் பறக்காது, மின்கலம் அரை மணித்தியாலத்துக்குமேல் தாங்குவது அரிது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வீதி அறுந்து கிடக்கும்போது, மழை விட்ட இடைவெளியில் படகு எந்த வழியால் போகலாம் என்று பார்க்க அதைவிடச் சிறந்தது இல்லை. மாவட்டம் முழுவதற்கும் அதை நம்ப முடியாது.

ஒளிப்படச் செய்மதிக்குத் திரும்புகிறேன், அதை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்கக் கூடாது. மேகம் விலகிய பிறகு அதன் காலம் தொடங்குகிறது. எந்த வயல் மறுபடி பச்சை பிடித்தது, எந்த வயல் அழுகிவிட்டது என்பதை தை, மாசியில் ராடாரைவிடத் தெளிவாகக் காட்டுவது அதுதான். நட்டஈட்டுக் கணக்கெடுப்பில் கமநல சேவை நிலையத்துக்கு இந்தப் படம் ஒரு பக்கபலமாக இருக்கலாம். முகத்துவார மணல்மேடு எந்த வருடம் எங்கே வளர்ந்தது, எங்கே உடைந்தது என்று பார்க்கவும் அதுதான். அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிப் படங்கள் 1984 முதல் 30 மீற்றர் அளவில் இருக்கின்றன. சுனாமிக்கு முன்னும் பின்னும் நாவலடிக் கரை எப்படி இருந்தது என்பதும் அவற்றில் இருக்கிறது.

படத்தில் தண்ணீரின் பரப்பு கிடைக்கும், ஆழம் கிடைக்காது. ஆழத்துக்குத் தரையின் உயரம் வேண்டும். விண்ணோடம் ஒன்று 2000 பெப்ரவரியில் 11 நாள் பறந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைத்தான் பலர் இன்னும் எடுக்கிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அது எனக்குப் பிடிக்காது. தென்னந்தோப்பின் தலையைத் தரை என்று எண்ணிவிடுகிறது. சில மீற்றர் பிழை மலைநாட்டில் பொறுக்கலாம், கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் வாழும் ஊருக்கு அந்தப் பிழைதான் முழு வெள்ளமும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்து 2022ல் வெளியான வேறோர் உயரத் தரவு இதைவிட நல்லது. அதையும் வீட்டுச் சுவர்களில் 2011 வெள்ளம் விட்டுப்போன கறையோடு சரிபார்த்துத்தான் பயன்படுத்துவேன்.

கடைசியாகப் பாலங்கள். திரும்பி வரும் ராடார் அலையின் ஏற்ற இறக்கம் படத்துக்குப் படம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை (கட்ட வித்தியாசம்) வைத்துக் கட்டடங்கள் வருடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் அசைகின்றன என்று அளக்கும் முறை இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. கல்லடிப் பழைய இரும்புப் பாலம் போன்றவை ராடாரில் நன்றாக மின்னும், அளக்கவும் முடியும். ஆனால் இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்த பிறகு நடந்த விவாதத்தை நினைவில் வைக்க வேண்டும். இடிவதற்கு முந்தைய அசைவு செய்மதித் தரவில் தெரிந்தது என்று ஓர் ஆய்வுக்குழு 2019ல் எழுதியது. அந்தத் தரவிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது என்று இன்னொரு குழு 2020ல் மறுத்தது. வெயிலில் இரும்பும் கொங்கிரீட்டும் விரிவதையும் உண்மையான தளர்வையும் பிரிப்பது அவ்வளவு கடினம். பாலத்திலேயே பொருத்தும் அதிர்வுமானி இதில் முந்திக்கொள்கிறது.

நம் தாம்போதிகளையும் பாலங்களையும் வெள்ளம் கெடுப்பது பெரும்பாலும் அடியிலிருந்துதான். தூணடியின் மண்ணை ஓட்டம் அரித்துக்கொண்டு போகும். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் புது மண் வந்து மூடிவிடும். பிறகு போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். இதை ராடாரும் பார்க்காது, ஒளிப்படமும் பார்க்காது, ட்ரோனும் பார்க்காது. இதற்குப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு மலிவான கருவி இருக்கிறது. தூணோரம் ஆற்றுப்படுக்கைக்குள் இறக்கிய ஒரு குழாய், அதைச் சுற்றிப் படுக்கைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு காந்த வளையம். மண் அரிபட வளையமும் கீழிறங்கும், மண் திரும்ப வந்து மூடினாலும் மேலே ஏறாது. மழை விட்ட பிறகு குழாய்க்குள் ஓர் உணர்கருவியை இறக்கினால், அந்த மாரியில் தூணடி எத்தனை அடி வெறுமையாக நின்றது என்று வளையம் காட்டிக் கொடுக்கும்.