தக்காளியா, ஆலிவா? இரண்டு கிரேக்கத் தீவுகளின் பழைய ஆலைகள்

கிரேக்கத் தீவு என்றதும் சாண்டோரினியின் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும்தான் கண்ணுக்குள் வரும். அதே சாண்டோரினியின் தென்கரையில், விலிகாடா என்ற இடத்தில், கடலை ஒட்டி ஒரு பழைய புகைபோக்கி நிற்கிறது. சுற்றுலா வருவதற்கு முன்னால் இந்தத் தீவு எதை விற்றுச் சாப்பிட்டது என்று தெரிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். டி. நோமிகோஸ் நிறுவனம் 1945இல் கட்டிய தக்காளி விழுது ஆலை அது. 1981இல் மூடப்பட்டு, 2014இல் தக்காளித் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தது.

அதற்குப் போட்டியாக நான் வைப்பது, ஏஜியன் கடலின் வடகிழக்கில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் லெஸ்போஸ் தீவை. அங்கே அயியா பரஸ்கெவி என்ற ஊரில், 1910களில் கட்டிய ஆலிவ் எண்ணெய் ஆலை ஒன்று 1967 வரை ஓடியது. 2006 முதல் அது அருங்காட்சியகம். பிரேயஸ் வங்கியின் பண்பாட்டு அறக்கட்டளை நடத்துகிறது. இரண்டுமே உணவு ஆலைகள், இரண்டுமே தீவில், இரண்டிலும் பழைய இயந்திரங்கள் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

முதலில் தண்ணீரையும் விறகையும் எடுத்துக்கொள்வோம். ஒரு தீவில் ஆலை நடத்துவது என்றால் என்ன என்பது இந்த இரண்டில்தான் புரியும்.

சாண்டோரினியில் ஆறு கிடையாது. மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்துக் குடித்த ஊர். தக்காளி ஆலைக்கோ தண்ணீர் கொட்டிக் கொட்டித் தர வேண்டும். அதனால்தான் ஆலையைக் கடலோரத்திலேயே கட்டினார்கள். கடல்நீரை இறைத்து, அதைக்கொண்டே தக்காளியைக் கழுவிப் பதப்படுத்தினார்கள். தக்காளியும் சாதாரணத் தக்காளி இல்லை. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண்ணில், பாசனமே இல்லாமல், இரவில் மண் இழுத்துக்கொள்ளும் ஈரத்தை நம்பி வளரும் குட்டித் தக்காளி. தோல் தடிமன், விதை அதிகம், உள்ளே நீர் குறைவு. சமையல் செய்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நீர் குறைந்த பழம் சீக்கிரம் சுண்டும். மரமே அரிதான, எரிபொருளைக் கப்பலில் இறக்க வேண்டிய ஒரு தீவில், சீக்கிரம் சுண்டும் பழம் என்றால் அது எவ்வளவு பெரிய லாபம்! நிலத்தில் எது குறையோ அதுவே சரக்கின் குணமாகிவிட்டது. 2013இல் இந்தத் தக்காளிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது.

லெஸ்போஸில் கதை வேறு. ஆலிவ் மரங்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று சொல்வார்கள். அயியா பரஸ்கெவி ஆலையில் நடந்த வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெரிய கல் உருளைகள் காயைக் கொட்டையோடு சேர்த்து அரைக்கும். அந்தக் கூழை ஆட்டு ரோமத்தில் நெய்த முரட்டுத் துணியில் வைத்து, கடித உறைபோல நாலு பக்கமும் மடிப்பார்கள். அப்படி மடித்த பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெந்நீர் ஊற்றி, அழுத்து இயந்திரத்தில் நசுக்குவார்கள். எண்ணெயும் நீரும் கலந்து வழியும், பிறகு எண்ணெய் மேலே மிதக்கும். துணியில் மிஞ்சுவது சக்கை. அந்தச் சக்கைதான் அடுப்புக்குப் போகும். அடுப்பு கொதிகலனைச் சூடாக்கும், கொதிகலன் நீராவி தரும், நீராவி கல்லைச் சுற்றும், கல் அடுத்த காயை அரைக்கும். ஆலை தன் சக்கையைத் தின்றே ஓடியது. பின்னாளில் டீசல் இயந்திரம் வந்தது. மனிதக் கையும் மாட்டு முதுகும் செய்த வேலை இயந்திரத்துக்கு எப்படி மாறியது என்பதை அங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

இதுவரை இரண்டும் சமம் என்பேன். ஆலை யாருடையது என்று கேட்கும்போதுதான் எனக்குத் தராசு சாய்கிறது.

விலிகாடா ஆலை ஒரு தொழில் குடும்பத்தின் சொத்து. விவசாயி பறித்து வந்து விற்றுவிட்டுப் போவார். அயியா பரஸ்கெவி ஆலை ஊரின் பொதுச் சொத்து. தனியார் ஆலைக்காரரிடம் அரைக்கப் போனால் கூலியாக எண்ணெயிலேயே ஒரு பங்கு போய்விடும். சின்ன விவசாயிக்கு அது வலிக்கும் பங்கு. ஊரே சேர்ந்து ஆலை போட்டபோது அந்தப் பங்கு ஊருக்குள்ளேயே நின்றது. ஆலை வருமானத்திலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடம் எழும்பியது. ஆலையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கிடங்குகள் இருக்கின்றன. தங்கள் முறை வரும்வரை ஒவ்வொரு குடும்பமும் தன் காயைத் தனித்தனியே கொட்டி வைத்த அறைகள் அவை. என் காயின் எண்ணெய் எனக்கே வர வேண்டும் என்ற கவலையும் ஊர் இயந்திரத்தை நம்பும் தைரியமும் ஒரே முற்றத்தில் கட்டடமாக நிற்பதை வேறெங்கே பார்க்க முடியும்? எனக்கு இந்த அறைகள்தான் அங்கே முக்கியம், நீராவி இயந்திரம் அப்புறம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் சாண்டோரினிதான் மேலே. அங்கே வேலை பார்த்தவர்கள் பேசுகிறார்கள். பழைய தொழிலாளர்களின் நினைவுகளைப் பதிவு செய்து, இயந்திரங்களுக்கு நடுவே ஓட விட்டிருக்கிறார்கள். கோடையில் பறித்த தக்காளி காத்திருக்காது, வந்த சரக்கை உடனே முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேலை பார்த்தவர் வாயால் கேட்கும்போதுதான் உறைக்கும். ஆலிவ் பனிக்காலப் பயிர், கிடங்கில் கொஞ்ச நாள் பொறுக்கும். அயியா பரஸ்கெவியின் காட்சி மிகச் சுத்தமாக, மிக அழகாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் கொஞ்சம் காணாமல் போய்விட்டன என்பது என் குறை.

சாண்டோரினி ஆலைகள் ஏன் அணைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1956 ஜூலை 9 அன்று வந்த பெரும் நிலநடுக்கம் வீடுகளைச் சாய்த்தது, பலர் தீவை விட்டே போனார்கள். பிறகு சுற்றுலா வந்தது. தக்காளி போட்ட நிலத்தில் அறை கட்டினால் பல மடங்கு காசு.

லெஸ்போஸிலேயே மூன்றாவதாக ஒன்று உண்டு: பாபாடோஸ் ஊரில் 1887இல் தொடங்கிய வ்ரானாஸ் ஆலை. தனியார் ஆலை. 1979இல் நோபல் பெற்ற கவிஞர் எலிட்டிஸின் தாய்வழிக் குடும்பத்துடையது. தனியார் ஆலையையும் ஊர் ஆலையையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட நினைப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. லெஸ்போஸுக்கே போக வேண்டும் என்பதற்கு எனக்கு இது இன்னொரு காரணம்.

சரி, எதற்குப் போவது? தொழில் வரலாற்றுக்காகவே பயணம் என்றால் யோசிக்காமல் லெஸ்போஸ். எப்படியும் சாண்டோரினிக்குத்தான் போகிறீர்கள் என்றால், சூரிய அஸ்தமனத்துக்கு எல்லோரும் அங்கே ஓயா என்ற ஊரில் முண்டியடிப்பதற்கு முன்னால், காலையிலேயே விலிகாடாவுக்குப் போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் இயந்திரங்களைப் பார்க்க ஓடாமல், கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தக்காளி கழுவிய தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது.