கார்டசில் 9 தடுப்பூசி: பிறக்கவிருக்கும் குழந்தையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸைத் தடுக்கும் கார்டசில் 9 போன்ற தடுப்பூசிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் புற்றுநோயோடு நின்றுவிடுகிறது. அந்தப் பயன் மிகப் பெரியதுதான். ஆனால், ஊசியே போட்டுக்கொள்ளாமல் அதனால் காக்கப்படும் பச்சிளங்குழந்தையை அந்தப் பேச்சு மறந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்த வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடும். நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும்கூட அதன் டி.என்.ஏ. கண்டறியப்பட்டிருக்கிறது. எனினும் பெற்றோர் பதற வேண்டியதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஹெரிடேஜ் ஆய்வில், சுமார் 40 சதவீதத்தினரிடம் வைரஸ் இருந்தபோதும், அவர்களுடைய குழந்தைகளில் மிகச் சிலரிடமே அது காணப்பட்டது. அதுவும் 6 மாத வயதுக்குள் மறைந்துவிட்டது.

அரிதாக மட்டுமே நிலைமை வேறாகிறது. இந்த வைரஸின் பல வகைகளில் 6, 11 என எண்ணிடப்பட்ட வகைகள் குழந்தையின் குரல்வளையில் தங்கி, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மருக்களாக வளர்ந்தால், குரல் கரகரக்கும், மூச்சு இரையும். அகற்ற அகற்ற அவை மீண்டும் முளைப்பதால், சில குழந்தைகள் திரும்பத் திரும்ப மயக்க மருந்தும் அறுவை சிகிச்சையும் ஏற்க நேர்கிறது. சிசேரியனும் முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

இங்குதான் கார்டசில் 9 தன் தகுதியைக் காட்டுகிறது. அது தடுக்கும் ஒன்பது வகைகளில் 6, 11 இரண்டும் அடங்கும். 16, 18 வகைகளுக்கு மட்டுமான செர்வாரிக்ஸ் என்ற மற்றொரு எச்.பி.வி. தடுப்பூசி இந்த நோக்கத்துக்குப் போதாது. வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே ஊசியில் இருப்பதால், அதனால் தொற்று உண்டாக வழியில்லை. ஆஸ்திரேலியாவில் இதற்கு முந்தைய, அதே 6, 11 வகைகளை உள்ளடக்கிய நான்கு வகைத் தடுப்பூசி 2007 முதல் பரவலாகப் போடப்பட்டது. அங்கே குழந்தைகளின் குரல்வளை மருநோய் 2012-இல் ஒரு லட்சத்துக்கு 0.16 என்றிருந்து, 2016-இல் 0.02 ஆகக் குறைந்தது. தாய்மார் சிறுவயதில் போட்டுக்கொண்ட ஊசி, பல ஆண்டுகள் கழித்து அவர்களுடைய குழந்தைகளின் தொண்டையைக் காத்திருக்கிறது என்பதைவிட வலுவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு, அது சிறியதல்ல. ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி குணப்படுத்தாது. கர்ப்ப காலத்தில் இதைப் போடுவதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆக, பெற்றோர் இதைப் பற்றி முதன்முதலாகக் கவலைப்படும் நேரத்தில், அந்தக் கர்ப்பத்துக்கு இது உதவாத பொருளாகிவிடுகிறது. 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு தவணை, அதற்குப் பிறகு தொடங்குவோருக்கு மூன்று தவணை என்பதே வழக்கமான அட்டவணை. பல நாடுகள் இப்போது சிறுவயதினருக்கு ஒரே தவணையையும் ஏற்றுள்ளன. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் மாற வேண்டும், ஏனெனில் தொற்று தம்பதியரிடையே இரு திசையிலும் செல்கிறது; நாளைய தந்தைக்கும் இதில் பங்குண்டு.

தவணைகளின் நடுவே கருவுற்றால் அஞ்சத் தேவையில்லை. மீதித் தவணைகளைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.