எஸ்டீமுக்கு வெர்னியர் கேம் புல்லி: அம்பத்தூர் லேத் பட்டறை அனுபவம்

மாருதி எஸ்டீம் உற்பத்தி நின்றது 2007-ல். ஹெட்லைட், பம்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் இன்றைக்கும் தேடினால் எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதவை, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எஸ்டீம்கள் ரேஸ் ஓடிய காலத்தில் அவற்றுக்கென்றே செய்து விற்ற பார்ட்டுகள். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுற்றும் பல் சக்கரத்தை, டிகிரி கணக்கில் நகர்த்தி வைக்கும்படி செய்ததுதான் வெர்னியர் கேம் புல்லி; அதுவும் அதில் ஒன்று. செய்தவர்கள் எப்போதோ வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். பழையது யாராவது விற்றால் சொல்கிற விலை வயிற்றெரிச்சல். அதனால் எஸ்டீம் வைத்திருக்கும் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் செய்துகொண்டோம். பட்டறை அண்ணன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குச் சோறு போடுவது கம்பெனி ஆர்டர். போன் அடித்துக்கொண்டே இருந்தால் மெஷின் நின்றுவிடும். தெரிந்தவர்கள் நேரில் கேட்டால் கூட்டிப்போகிறேன்.

ரேஸ் ஓட்டாதவனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய் ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது) செய்த எஞ்சின்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபேசிங்கிலும் ஹெட் கொஞ்சம் இறங்குகிறது, கேம், பெல்ட்டால் அதைச் சுற்றும் கிராங்க் தண்டை நோக்கி வருகிறது, பெல்ட் வழியாக வரும் டைமிங், அதாவது வால்வு திறந்து மூடும் நேரம், கொஞ்சம் பின்தங்குகிறது. சாதாரணப் புல்லியில் அதைத் திருத்த வழியே இல்லை. ஒரு பல் தள்ளிப் போட்டால் ரொம்ப அதிகம். வெர்னியர் புல்லியில் பல் வளையம் தனி, நடு ஹப் தனி. நீள்துளைகளில் போல்ட்டைத் தளர்த்தி டிகிரி கணக்கில் நகர்த்தலாம். கேமை முன்னே தள்ளினால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும், பின்னே தள்ளினால் மேல் ஆர்பிஎம்மில் நன்றாக ஓடும்.

பல் வளையத்தைப் புதிதாக வெட்டுவது பெரிய செலவு. புதுப்பேட்டையில் தேடிப் வண்டியோடு வந்த சாதாரணப் புல்லி, பழையது பத்து சேர்த்தோம். பல் தேய்ந்தது, விளிம்பு நசுங்கியது எல்லாம் ஒதுக்கி எடுத்தவை. பல் வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவைக் கடைந்து எடுத்துவிட்டுப் புது ஹப் பொருத்துவது திட்டம்.

இதற்கு முன் வேறொரு பட்டறையில் டிராயிங்கைக் கொடுத்தபோது எந்தக் கேள்வியும் இல்லை, "ஆயிடும் சார்" என்ற ஒரே பதில். வந்த சாம்பிள் கண்ணுக்கே தெரியும்படி ஆடியது. அம்பத்தூர் அண்ணன் டிராயிங்கை மடித்து ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, இது எங்க உக்காருது? எவ்வளவு சூடாகும்?"

நாங்கள் ஹப்புக்கு 6061 அலுமினியம் என்று எழுதியிருந்தோம். அவர் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருகும். 80 மில்லி விட்டமுள்ள ஸ்பிகாட் (பல் வளையம் மேலே உட்காரும் ஹப்பின் உருளைப் பகுதி), எஞ்சின் சூட்டில் 60 டிகிரி ஏறினால், வளையத்தைவிட ஹப் ஐம்பது மைக்ரான் கூடுதலாகப் பெருத்துவிடும். அதற்கு இடம் விட்டால், குளிர்ந்த எஞ்சினில் வளையம் லூசாக உட்காரும். "ஹப்பையும் இஎன்8 ஸ்டீல்லயே போட்டுடலாம். கேம் சுத்துறது கிராங்க்ல பாதி வேகம்தான், வெயிட் கொறைச்சு என்ன கிடைக்கப் போவுது?" என்றார். நூறு சதவீதம் சரி. மெட்டீரியலை மாற்றி, ஹப்பில் துளை போட்டுக் கொஞ்சம் எடை குறைத்தோம்.

வளையத்தை மையப்படுத்துவது போல்ட் இல்லை, ஸ்பிகாட்தான் என்பதில் அவர் கறாராக இருந்தார். முதல் ஜாப் முடிந்ததும் மாண்ட்ரலில் (பிடிப்புத் தண்டு) ஏற்றி, பல் வளையத்தின் முதுகில், நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் இரண்டு கோட்டுக்குள் நின்றது, 0.02 மில்லி. அதைப் பார்த்த பிறகுதான் மீதி ஒன்பதுக்கும் சரி சொன்னோம். போல்ட் எல்லாம் 12.9 கிரேடு (உயர் வலிமை) ஆலன் போல்ட். புல்லியை இடத்தில் நிறுத்தும் டோவல் பின்னுக்கான துளை, கேம் மூக்கில் (கேம் தண்டின் முனை) தட்டாமல், ஆடாமல் ஏறுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்குக் கிடைக்காது. கம்பெனி பேட்ச் வந்தால் நம் வேலை ஓரம் போய்விடும், கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. டிகிரிக் கோடுகள் மெல்லிசாக விழுந்திருக்கின்றன. பிளாக்கடைசிங் (துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பாக்குவது) போட்ட பிறகு இன்னும் மங்கிவிட்டன, டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. அடுத்த முறை கோட்டை ஆழமாகப் போடச் சொல்ல வேண்டும். இரண்டு பீஸில் நீள்துளையின் பின்பக்கம் பர் (வெட்டிய ஓரத்துப் பிசிறு) எடுக்காமல் வந்தது, நாங்களே அரம் போட்டுக்கொண்டோம்.

விலை: பிளாக்கடைசிங் உட்பட ஒன்றுக்கு 3,800 ரூபாய், பழைய புல்லி நம்முடையது. ஒரே ஒரு பீஸ் என்றால் 9,000-க்குக் குறைந்து முடியாது என்றார். ஃபிக்ஸ்சர் (வேலைப் பொருளைப் பிடித்து வைக்கும் அமைப்பு) செய்வதும் செட்டிங் போடுவதும்தான் பெரிய வேலை. அது ஒன்றுக்கும் பத்துக்கும் ஒன்றுதான். ஆகவே ஆள் சேர்த்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

என் எஞ்சினில் ஹெட் ஃபேசிங் ஆகியிருக்கிறது. புல்லியில் இரண்டு டிகிரி முன்னே வைத்தேன், அதாவது கிராங்க்கில் நான்கு. சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து மிதித்தால், முன்பு இருந்த அந்தத் தயக்கம் போய்விட்டது. ஐடிலும் சீராக நிற்கிறது. போட்டு ஆயிரம் கிலோமீட்டர் கழித்துக் கவரைத் திறந்து பார்த்தேன்: போல்ட் எதுவும் நகரவில்லை, பெல்ட் ஓரம் உரசவில்லை.

அண்ணன் எல்லாம் செய்துகொடுப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். ஃபோர்டு ஐகான் வைத்திருக்கும் நண்பருக்கு அலாய் வீலுக்கான ஹப் ரிங் (வீலின் நடுத்துளைக்கும் வண்டியின் ஹப்புக்கும் இடையே இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து தந்தார், வெளியே 73.1 மில்லி, உள்ளே 63.4 மில்லி, கச்சிதமாக உட்கார்ந்தது. அதே நண்பர் வீல் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளி வைக்கும் தட்டு) கேட்டபோது முடியவே முடியாது என்றார். பிரேக், ஸ்டீயரிங், வீல் தாங்குகிற பார்ட் எதுவும் தொடமாட்டார். அந்த மறுப்பால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை இன்னும் கூடியது.

இரண்டாவது பேட்சுக்கு இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். பத்து ஆனதும் கொடுக்கலாம். பல் தேயாத பழைய புல்லி, வெர்னியர் காலிப்பரில் அளந்த கேம் மூக்கு விட்டம், இரண்டும் கையில் இருந்தால் பெயர் கொடுங்கள்.